மூன்றடைப்பு விலக்கு

முதலில் அது ஒற்றை வெளிச்சம்.
பைக்காக இருக்கலாம்.
ஒரு விளக்கு அவிந்த லாரியாகவும் இருக்கலாம்.
கிட்டே வர வர
நடுவில் கீறி இரண்டாகிறது.
பைக் இல்லை. இப்போதைக்கு அவ்வளவுதான்.

மணி நாலே முக்கால்.
ஆனிக் காற்று களக்காட்டு மலைச் சாரலில் கொஞ்சம் அள்ளிவந்து
என் கண்ணாடியில் தெளிக்கிறது.
துளிக்கு ஒரு பொய் விளக்கு.
ஆறு மணிக்கு வள்ளியூரில் டூட்டி.
சாதா வண்டி மட்டும்தான் இங்கே நிற்கும்,
அதுவும் கை காட்டினால்.

பக்கத்தில் மாசானமுத்து, காலடியில் வாழையிலைக் கட்டு.
வெளிச்சம் என்று எது வந்தாலும் கை தூக்குவார்.
சிமெண்ட் லாரிக்கு,
காற்றாடி இறக்கை ஏற்றிப் போகும் நீள வண்டிக்கு,
ஒருமுறை போலீஸ் ஜீப்புக்கு.
"தூக்குத கைக்குத் துட்டா கேக்கான்?"

என்னிடம் கேட்கிறான்.
போன மாசம் நான் தூக்கிய கைக்கு
ஒரு லாரி நின்றது.
கதவு திறந்தது.
அன்றிலிருந்து எனக்குச் சில சொட்டு அதிகம் வேண்டும்.

சொட்டு என்பது வார்டுப் பழக்கம்.
சலைன் இறங்குவதை எண்ணி எண்ணி
தலைக்குள்ளும் அப்படியே:
அளவுக்கோடு போட்ட இரண்டு கிண்ணம்,
ஒன்று லாரிக்கு, ஒன்று பஸ்ஸுக்கு.
இது பஸ் வருகிற நேரம் என்பதால்
பஸ் கிண்ணத்தில் முன்பே கொஞ்சம் ஊற்றியிருக்கிறது.
உயரம், ஒரு சொட்டு.
நெற்றியில் பச்சை சிவப்பாய்ப் பொடி விளக்கு, அந்தப் பக்கம் ஒரு சொட்டு.
இல்லை, அது பின்னால் பெட்ரோல் பங்க்.
விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாது.
கிண்ணம் கசியத்தான் வேண்டும்.

ஒன்பதாம் கட்டிலில் போன வாரம் ஒரு மணிக்கட்டு.
விரல் வைத்தேன். துடித்தது.
துடித்தது அவரா, என் விரலா?
இன்னும் பத்து விநாடி இருந்தால் தெரிந்திருக்கும்.
அந்தப் பத்து விநாடி அவருடையது.
தீர்மானித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.
"டாக்டரக் கூப்பிடு" என்று யாரோ கத்தியது கேட்டது,
என் குரலில்.

இப்போது கை பாதி ஏறிவிட்டது.
கதவு திறந்த லாரி ஞாபகத்தில் வர
முடியை ஒதுக்குவதுபோல் காதோரம் நிறுத்துகிறேன்.

போர்டு.
எழுத்தில் 'நா' மட்டும் எரிகிறது.
நாகர்கோவில்.
மிச்சத்தை எழுதியது நான்தான்.
நாங்குநேரிக்கும் அதே 'நா'.
நாங்குநேரி என்றால் பாதி வழியில் நிற்பேன்.

மாசானமுத்து கட்டைத் தூக்கித் தலையில் வைத்தாயிற்று.
இன்னும் ஒரு சொட்டு,
ஒரே ஒரு எழுத்து என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் கை
எப்போதோ மேலே இருக்கிறது.