புல்லை அணைக்கும் இடம்

உப்புக்கு விலைப்பட்டியல் தெரியாது.
தொண்ணூறாயிரம் ரூபாய் கார்டிலும்
ரிச்சி தெருவில் நாலாயிரத்துக்குப் பொறுக்கியதிலும்
ஒரே பச்சைக் களிம்பாகத்தான் பூக்கிறது.

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் மாடிக்கடை எனக்கு.
ஜன்னல் கிழக்கே.
மீன் பிடிக்காமலே
கடலில் பிழைக்கிறவள் நான்.

இன்று மேஜையில் இரண்டு.
ஒன்று ஆடிட்டர் பிரகலாதனுடையது.
மூன்று காற்றாடி, விளிம்பெல்லாம் வானவில்,
தூக்கினால் செங்கல் கனம்.
'சூடாகுதும்மா' என்றார்,
பிள்ளையின் நெற்றியைத் தொட்டுவிட்டு வந்தவர் போல.
மற்றது சோனங்குப்பம் வேலவேந்தனுடையது.
ஐஸ் கம்பெனியில் பார் தூக்குகிறவன்.
ஒற்றைக் காற்றாடி, அதிலும் ஓர் இறக்கை இல்லை.
'கத்துதுக்கா. ஆனா ஓடுது.'

பிரித்தேன்.
காய்ந்த பேஸ்ட்டைச் சுரண்டி
பல் துலக்கும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து
இரண்டுக்கும் அதே பிரஷ்.
பட்டாணி அளவு புதுப் பேஸ்ட்.
மூடிவிட்டு,
ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று
இருவரையும் உட்காரவைத்தேன்,
ஒரே போர்க்களத்தில்
எதிரெதிர் அணியில்.

ஆடிட்டர் திரையில் அந்தி.
புல்லுக்குப் புல் தனி நிழல்.
காற்று எந்தத் திசை என்று
புல் சாய்வதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.
குட்டையில் மேகம் தலைகீழாய் நகர்கிறது.
நிதானமான மனிதர்.
முழங்கால் உயரப் புல்லுக்குள் குப்புறப் படுத்து
அசையாமல் காத்திருந்தார்.
என் மீட்டரில் எண்பத்திரண்டு டிகிரி.
அழகெல்லாம் பின்பக்கம்
அனலாய்த்தான் வெளியே வருகிறது.

வேலவேந்தன் திரையில் அந்தி இல்லை,
ஏதோ ஒரு மஞ்சள்.
தரை, பஞ்சாயத்து ஆபீஸ் சுவருக்கு
அடித்து மிஞ்சிய பச்சை.
நிழலை அணைத்திருந்தான்.
தண்ணீரை அணைத்திருந்தான்.
புல்லையும்தான்,
இல்லாவிட்டால் அந்தக் கார்டுக்கு மூச்சு வாங்கும்.
மொட்டைப் பச்சையின் நடுவில்
ஒருவர் குப்புறப் படுத்திருந்தார்,
கல்யாண மண்டபத்தில்
பாய் கிடைக்காதவர் போல.

ஒரே குண்டு.

'எப்படிப்பா பார்த்த?'
'எங்க ஊர்ல புல்லு இல்ல சார்.'

நான் சிரித்ததில் உருண்டுபோன ஸ்க்ரூ
இன்னும் கிடைக்கவில்லை.

ஆடிட்டர் எழுந்து வந்தார்,
அவன் நாற்காலியில் உட்கார்ந்து
தான் செத்துக்கிடக்கும் இடத்தை
உற்று உற்றுப் பார்த்தார்.
காலியான நாற்காலிக்கு
வேலவேந்தன் போனான்.

துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு
அவன் சும்மா நடந்தான்.
நின்று, திரும்பி,
வந்த வழியைப் பார்த்தான்.
'நடந்தா மடங்குதுக்கா.
அப்புறம் அதுவா நிமிருது.'
யாரோ சுட்டார்கள்.
செத்து, மறுபடி பிறந்து,
நேராக அதே புல்லுக்கே போனான்.
இன்னொரு தடவையும் சுட்டார்கள்.

'இதை எங்கே அணைக்கிறதும்மா?'
தன் இடத்துக்குத் திரும்பிய ஆடிட்டர் கேட்டார்.
தொண்ணூறாயிரம் கொடுத்து வளர்த்த புல்.
காட்டினேன்.
நிழல் போயிற்று, குட்டையில் மேகம் போயிற்று.
புல் போகும்போது சத்தமே இல்லை.
பின்னால் நின்றவன்தான்
நாக்கை 'ச்சு' என்றான்.
மீட்டர் ஐம்பத்தாறுக்கு இறங்கியது.
அதற்குப் பிறகு ஆடிட்டர் நன்றாகவே ஆடினார்,
மூன்று பேரைச் சுட்டார்,
மேகம் பார்க்க ஆசைப்பட்டுத்தான்
கார்டு வாங்கினேன் என்றார், சுட்டுக்கொண்டே.

சர்வீஸ் முந்நூற்றைம்பது, இருவருக்கும்.

படியில் இறங்கியவன் ஏறி வந்தான்.
'அக்கா, புல்லுக்கு மட்டும்னா
எவ்ளோ ஆகும்?'

மனசுக்குள் கணக்குப் போட்டேன்.
அவனுடைய எட்டு மாதச் சம்பளம் வந்தது.
வாய்விட்டுச் சொல்லவில்லை.
காற்றாடி மாற்றினால்
உன்னைச் சுற்றி ஒரு பத்தடிக்கு வரும் என்றேன்.
அதற்கு மேல் தாங்காது.

'பத்தடி போதும்.'

புல் வந்தால் ஒளிந்திருப்பவன் தெரியமாட்டான்,
தோற்றுப்போவாய் என்றும்
சொல்லிவைத்தேன்.

விரல் நுனியில் ஐஸ் வெட்டிய வெள்ளைத் தழும்பைத்
தேய்த்தபடி யோசித்தான்.

'ஞாயித்துக்கிழமை மட்டும் போட்டுக்கிறேன்க்கா.'