ஒரு சாண் அலை

மத்திகெரெ, மூன்றாவது மாடி.
தண்ணீர்த் தொட்டிக்கும் கேபிள் வயர்களுக்கும் நடுவே
என் தொலைநோக்கியைச் சாய்த்து நிறுத்தியிருக்கிறேன்:
ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, உள்ளே அலுமினியத் தாள்,
அடியில் எண்ணெய் டின், டின்னுக்குள் ஒரு செப்புக் கம்பி.
பெரிய தொலைநோக்கிகளில் நேரம் கேட்டு
மூன்று முறை விண்ணப்பித்து
மூன்று முறையும் "வருந்துகிறோம்" வாங்கியவள்
வேறென்ன செய்வாள்?

"ஏனு இது?" என்றார் வீட்டுக்காரர் புட்டசுவாமி.
ஹைட்ரஜனைக் கேட்க, என்றேன்.
"சிலிண்டர் எல்லாம் மேலே வைக்கக் கூடாதும்மா"
என்று இறங்கிப் போய்விட்டார்.

அந்த ஹைட்ரஜன் விடும் அலையின் நீளம் ஏறக்குறைய ஒரு சாண்.
விரல்களை விரித்து வைத்துப் பார்த்தேன்,
என் கையைவிட ஒரு நகம் கூடுதல்.
எண்சாண் உடம்பில் எட்டு அலை நிற்கும்.
அதில் வயிற்றுச் சாண் மட்டும்
பகலில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறது.

அன்று தொற்றிய பழக்கம், எதையும் சாணால் அளக்கிறேன்.
ஊட்டிச் சரிவில் படுத்திருப்பது இரண்டாயிரத்து ஐந்நூறு சாண்.
நிலா போய் மறைக்கும் கணத்தை வைத்தே
எங்கோ இருக்கும் ஒன்றின் அகலத்தைச் சொன்னது அது.
சீனத்து மலைக்குழியில் கிடக்கும் கிண்ணமும் குறுக்கே ஏறத்தாழ அவ்வளவே,
துடிக்கும் விண்மீன்களை ஆயிரத்துக்கு மேல் எண்ணிவிட்டது.
நாராயண்காவ் பக்கம் முப்பது டிஷ்கள்
வயல்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி நின்று
ஒரே காது என்று நடிக்கின்றன.
சிலியின் உச்சிப் பாலையில் என் சாண் செல்லாது.
அங்கே கடுகளவு அலை,
குளிர்ந்த தூசியில் கோள் திரளும் சேதி.
இங்கிருந்து இரண்டு மணி நேரம், கவுரிபிதனூர்:
துணி காயப்போடும் கம்பிகள் மாதிரி ஆன்டெனாக்கள்,
அலை ஒன்று ஐந்து ஆள் உயரம்.
சூரியன் செருமினால் முதலில் அவற்றுக்குத் தெரியும்.
ஆரெசிபோ?
வடம் அறுந்து விழுந்துவிட்டது.
சிறுகோள்களைத் தட்டிவிட்டு எதிரொலிக்குக் காத்திருந்த கிண்ணம்.

செவ்வாய் இரவு, பதினொன்றேகால்.
கீழ்வீட்டில் யாருக்கோ அந்நேரத்தில் சட்னி.
மிக்ஸி ஓட, திரையில் கோடு முழுக்க மயிர்க்கூச்செறிந்தது.
ஆஸ்திரேலியாவின் பெரிய டிஷ்ஷையே
சாப்பாட்டறை மைக்ரோவேவ் வருஷக்கணக்கில் ஏமாற்றியிருக்கிறது,
நான் எம்மாத்திரம்.

அப்புறம் கரண்ட் போனது.

ஜெனரேட்டர் எழுவதற்குள் நாற்பது வினாடி.
லேப்டாப் பேட்டரியில், கோட்டின் மேல்
கொசு கடித்த தடிப்பு போல ஒன்று.
கணக்குப் போட்ட இடத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி.
பால்வீதியின் ஒரு கை
நம் பக்கமாக நகர்ந்து வருகிறது என்று பொருள்.
இல்லையேல் என் டின்னில் ஏதோ தப்பு.

படியில் டார்ச் ஏறி வந்தது.
"சிலிண்டர் இல்லையே?"
வெளிச்சத்தில் என் கையை விரித்தேன்.
இவ்வளவுதான் சார்.
அதோடு ஒரு நகம்.