உள்ளே விட்ட துணி

பானைக் கழுத்து, இலைக் கழுத்து,
முதுகில் கயிறு கட்டிக் குஞ்சம் தொங்கவிட்டது.
வில்லாபுரத்தில் எந்தக் கழுத்துக்கும் என்னிடம் வரலாம்.
எனக்கு மட்டும் காலர்,
சித்திரை வெயிலிலும்.

பின்கழுத்தில் வெல்வெட் துணி போல ஒரு கருப்பு.
"தேய்ச்சுக் குளிக்கிறதில்லையா நாகஜோதியக்கா?"
அளவு கொடுக்க வந்த கல்யாணப்பொண்ணு.
எலுமிச்சை, பயத்தமாவு, பீர்க்கை நார்,
எல்லாம் தேய்த்தாயிற்று.
கருப்பு இருக்கிறது, தோல்தான் போனது.
கே.கே. நகர் டாக்டர் சொன்னார்:
இன்சுலின் ஏராளமாய் இருக்கிறதாம்,
அது சொல்வதை உடம்பு கேட்கவில்லையாம்.
என் வீட்டில் நான் பேசுவது மாதிரி
என்று நினைத்துக்கொண்டேன்.

அணையில் அறுபத்தாறு அடி ஏறினால்
கரையோரத்துக்கு முதல் எச்சரிக்கை என்று
காலைப் பேப்பரில் போடுகிறார்கள்.
எனக்கு யார் போடுவது?
தொண்ணூற்று நாலு நாள் வெறும் மணல்.
பிறகொரு வியாழக்கிழமை
அவனியாபுரம் பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நிற்கும்போது
திறந்துவிட்டது.
பத்தொன்பது நாள் மூடவில்லை.

நாள் தள்ளிப்போனால்
நாத்தனாருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.
கால் கிலோ அல்வாவோடு வருவாள்,
நெய் ஊறிய பொட்டலத்தை
தையல் மிஷின் மேலேயே வைப்பாள்.
மூன்றாவது தடவைக்குப் பிறகு வருவதில்லை.
அந்த அல்வாவை ஒருநாளும் நான் தொட்டதில்லை என்று
யாரும் நம்பமாட்டார்கள்,
இந்த இடுப்பைப் பார்த்தால்.

தாடையில் முளைப்பதை
மிஷின் நூலை முறுக்கி நானே எடுத்துக்கொள்கிறேன்.
தலையில் உதிர்வது
பாபினில் சுற்றிக்கொண்டு மிஷினை நிறுத்துகிறது.
இடம் மாறி வளர்கிறது முடி,
கணக்கு ஒன்றுதான்.

மாத்திரை ஐந்நூறு ஆயிரமாகிவிட்டது.
கைக்குழியை வெட்டிக்கொண்டிருக்கும்போதே
கத்திரியைப் போட்டுவிட்டு
பின்பக்கம் ஓட வைக்கும் ஆயிரம்.
மூன்று மாசச் சர்க்கரை
ஐந்து புள்ளி ஒன்பது, இப்போது ஆறு புள்ளி மூன்று.
இஞ்ச் டேப்பில் அந்த நாலு கோடு
எவ்வளவு சின்னது.

ராத்திரி ஒன்பதரைக்கு நடக்கிறேன்.
கொத்துப் புரோட்டாக் கல்லின் தாளத்துக்குக்
கால் தானாக வேகம் பிடிக்கிறது.
கடையைத் தாண்டிப் போய்விடுவேன்.
இரண்டு நாள் தாண்டவில்லை.
நோட்டில் அதையும் எழுதியிருக்கிறேன்,
டாக்டரிடம் பொய் எதற்கு.

எல்லாருக்கும் பக்கத்துக்கு ஒண்ணரை இஞ்ச்
உள்ளே துணி விட்டுத்தான் தைப்பேன்.
பிள்ளை பெற்றுவிட்டு வருவார்கள்,
பிரித்துவிடச் சொல்லி.
எனக்கு விட்டதை
பிள்ளை இல்லாமலே மூன்று தரம் பிரித்தாகிவிட்டது.
நேற்று கடைசித் தையலும்.
இனி துணி இல்லை.

காஜா எடுத்துக்கொண்டிருந்த ஷம்ஷாத்
ஒன்றும் கேட்கவில்லை.
வெட்டு மூட்டையைக் கிளறி
அக்குளுக்கு ஒரு சதுரத் துண்டு எடுத்து நீட்டினாள்.
என்னுடையது மாம்பழ மஞ்சள், துண்டு எலுமிச்சை மஞ்சள்.
"கையைத் தூக்கினாத்தான்க்கா தெரியும்."

வைத்துத் தைத்தேன்.
ட்ரையல் ரூம் திரையை இழுத்துவிட்டு
கையைத் தூக்கிப் பார்த்தேன்.
தெரிந்தது.
இன்னொரு கையையும் தூக்கினேன்.