கணக்கெடுப்பு ஞாயிறு

காலை ஒன்பதரைக்குத்தான் விடிகிறது குவோபியோவில்.
ஆப்பிள் மரத்தில்
உப்பில்லாப் பன்றிக்கொழுப்பைக் கட்டிவிட்டு
ஜன்னலுக்குப் பின்னால்
பென்சிலோடு நிற்கிறாள் ஐலி.
ஒரு மணி நேரம்.
வருவதையெல்லாம் எழுத வேண்டும்.

பட்டாணிக்குருவி, பதினொன்று.
நீலத்தலைச் சிட்டு, நான்கு.
மரங்கொத்தி ஒன்று, வழக்கம்போல் யாரையும் மதிக்காமல்.

காப்பியை எடுக்கத் திரும்பினாள்;
அதற்குள் மரம் காலி.
பனியில் ஒரு வைரி,
அதன் காலுக்கடியில் மஞ்சளாக ஏதோ.

கண்ணாடியைத் தட்டக் கை ஓங்கினாள்.
தட்டவில்லை.
மைனஸ் இருபத்தாறு. அதற்கும் ஒரு வயிறு.

அது எழுந்துபோன இடத்தில்
மூன்று இறகு, சிவப்பாய் ஒரு பொட்டு,
சூரியகாந்தித் தோல்கள்.

எழுதுகிறாள்: வைரி, ஒன்று.
பதினொன்றைப் பத்தாக்கலாமா என்று
பென்சில் நுனியைக் கடிக்கிறாள்.

வந்தவை எத்தனை என்றுதானே கேட்டிருக்கிறார்கள்.
பதினொன்றே இருக்கட்டும்.