எடைமேடைக்காரன்

பீடோர் தாண்டி, மறுநடவுக்காகச்
செம்பனை சாய்த்த முப்பது ஏக்கர்.
மூன்று நாள் மழை.
நுழைவுச்சீட்டு நாற்பது வெள்ளி, சேறு இலவசம்.

ஈப்போவிலிருந்து வந்த இரண்டு பேர்
பெட்டிகள்மேல் தார்ப்பாய் பிடிக்க ஆள்வைத்து
ஒரே சுரத்தை ஒரு மணி நேரம் துருவினார்கள்.
மயில்வாகனம் கொட்டாவி விட்டான்:
"எங்க வீட்டு ஃபிரிட்ஜ் போடுற சத்தம்லா இது."
எனக்குப் பிடித்திருந்தது. சொல்லவில்லை.

பிறகு யுகேந்திரன்.
ஆலை எடைமேடையில் என் லாரியை நிறுத்தி
"பதினோரு டன், இறங்கு" என்பதற்குமேல்
ஐந்து வருடமாய் ஒரு சொல் பேசாதவன்.
இங்கேயும் குனிந்தே நிற்கிறான்.
ஒரு குமிழைத் திருகுகிறான்,
பாஸ் அடிவயிற்றில் வந்து உட்கார்கிறது.
டயர் தடத்தில் தேங்கிய நீர்
வட்டம் வட்டமாய்ச் சிலிர்க்கிறது.
பழம் வெட்டும் நேப்பாளிகள், தாப்பா கல்லூரிப் பிள்ளைகள்,
மழைக்கோட்டுக்குள் ஒரு சீனத் தம்பதி.
என் இடது சப்பாத்தைச் சேறு வாங்கிக்கொண்டது.
தேடவில்லை.
நாற்பத்தாறு வயது ஒற்றைச் சப்பாத்தோடு ஆடியது.

நடுவில் ஜெனரேட்டர் செத்தது.
விளக்கும் போனது.
முந்நூறு பேரின் கால்கள் மட்டும்
சளக், சளக், சளக் என்று
அவன் விட்ட இடத்திலிருந்து எடுத்துப் போயின.
இருட்டில் அவன் சிரித்தானா, தெரியாது.

விடியும்வரை டிராக்டர்
ஒவ்வொரு காராக இழுத்துக்கொண்டிருந்தது.

திங்கள்.
கண்ணாடிக்குள்ளிருந்து சீட்டை நீட்டினான்.
"பதினொன்று புள்ளி இரண்டு. இறங்கு."
நான் இறங்காமல் ஹாரனை
நான்கு முறை அடித்தேன், அளவாக.
பின்னால் நின்ற லாரிக்காரன்
என் அம்மாவைத் திட்டினான்.