பதினோராவது நாற்காலி

அந்தத் தெருவிளக்கு எரியவில்லை.
எனக்குத் தெரியும்.
சிப்பி உடைக்கும் கொட்டகையிலிருந்து
இரவு இரண்டு மணிக்கு
சுவரைத் தடவிக்கொண்டு
அந்த வழியாகத்தான் வீடு திரும்புவேன்.
சாட்சியோ, வெளிச்சத்தில் முகம் பார்த்தேன் என்றாள்.

இல்லை என்றேன்.
பக்கத்து நாற்காலியில் அல்சீட்,
ஃபெரியில் டிக்கெட் கிழிப்பவர்,
அவரும் இல்லை என்றார்.
தலைவர் விரல்விட்டு எண்ணினார்.
பத்து.
"லூசியானாவில் பத்து போதும்."
காபிகூட ஆறியிருக்கவில்லை.

லூசியன் மெட்டோயருக்கு ஆயுள்.

அதே தெருவில், ஓக் மரத்துக்கு அந்தப் பக்கம்
மத்திய அரசின் நீதிமன்றம்.
அங்கே பன்னிரண்டு தலையும் சேர்ந்து அசைய வேண்டும்.
ஒரு தபால் பையைத் திருடியிருந்தால்
லூசியன் அங்கே போயிருப்பான்.

நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன்.
அந்த உரிமைகளை எழுதியது
தலைநகரின் கையைக் கட்டத்தானாம்.
மாநிலங்களின் கை அவிழ்ந்தே கிடந்தது.
உள்நாட்டுப் போர், அத்தனை பிணம்,
அதற்கப்புறம் ஒரு வரி:
எந்த மாநிலமும் கூடாது, என்று.
அந்த வரியும் அரை நூற்றாண்டுக்கு மேல் தூங்கியது.
பிறகு, ஒரு நடைக்கு ஓர் ஆள் ஏற்றும் படகு மாதிரி,
பேச்சுரிமை வந்தது;
வெகுகாலம் கழித்து ஏழைக்கு ஒரு வக்கீல்;
ஜூரியும் வந்தது, பாதி உடம்போடு.

பழைய சபை ஒன்றில் போட்ட கணக்காம் இது.
எங்கள் நிறத்தில் ஒருவர் இருவர்
உள்ளே நுழைந்துவிட்டாலும்
கூட்டல் பிசகாதிருக்க.
படித்துவிட்டு
என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

இரண்டாயிரத்து இருபது, ஏப்ரல்.
எல்லோர் வாயிலும் துணி.
ரேடியோ சொன்னது:
இனி மாநிலத்திலும் பன்னிரண்டுதான்.
கத்தியைக் கீழே வைத்தேன்.
அல்சீட் இல்லை, சொல்ல.

மறு வருஷம் இன்னொரு தீர்ப்பு:
மூடிய பழைய வழக்குகளைத் திறக்க வேண்டியதில்லை.
சட்டத்துக்குக் கழுத்து திரும்பாதாம்.

சிறைக்கு எழுதினேன்.
"பதினோராவது நாற்காலி நான்.
ஒடீல் ஹானரே. இல்லை என்றவள்."

ஐந்து வாரம் கழித்து, பென்சிலில்:
"நினைவிருக்கிறது, மேடம்.
நீதிபதி ஒவ்வொருவராய்க் கேட்டபோது
உங்கள் குரல் எனக்குக் கேட்டது.
பின்வரிசை. பச்சை ஸ்வெட்டர்."

நீலம் அது.
திருத்தி எழுதவில்லை.