கருத்துக் கேட்பு, நிபோங் திபால்

சுவர் முழுக்க 2050.
நெல்லுக்குப் பச்சை, ஆலைக்கு ஊதா.
என் கீரைப் பாத்தி
நிறங்களை விளக்கும் கட்டத்துக்கு அடியில்
சிக்கிக் கிடந்தது.

பாரத்தில் கருத்துக்கு மூன்றே வரி.
ஆ செங் வாய்க்கால் அடைப்புக்கே
இரண்டு தாளை நிரப்பிவிட்டு
இன்னொன்று கேட்டார்.
ரொஸ்னா, உப்பேறிய வயல்மண்ணைப்
பிளாஸ்டிக் பையோடு கொண்டுவந்து
அதிகாரியின் மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள்.
யாரும் அதை நகர்த்தவில்லை.

"இருபத்தைந்து வருசம் கழித்து
என்ன பயிரிடுவீங்க, அம்மா?"

உரிமத்தைக் காட்டினேன்.
டிசம்பரில் முடிகிறது.
எல்லா டிசம்பரிலும்.
அதனால்தான் கீரை, சார்;
இருபத்தொரு நாளில் அறுத்துவிடலாம்.

பேனாவைத் தூக்கியபடியே இருந்தார்.
வாங்கி,
மூன்று வரியையும் அடைத்து
பெரிதாக எழுதினேன்:
பலா.